கலக்கிவிட்ட தண்ணிக்கும் கணக்கு உண்டுங்க

போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளிய வந்தப்ப, நம்ம ஆளு ஒருத்தர் சலிச்சுக்கிட்டாரு. "சாமியாரு ஆத்துமத்தப் பத்திப் பிரசங்கம் வெக்கோணும். சாயத்தண்ணிய எதுக்குங்க கோவிலுக்குள்ள பேசறாரு? அதைக் கோர்ட்டு பாத்துக்கும்." பக்கத்துல நின்ன நாலு பேரும் ஆமான்னாங்க. எனக்கு அப்ப வாய் வரலை. வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தட்டு போடறப்பதான் பதில் தோணுச்சு. அதை இங்க எழுதறேன்.

எசேக்கியேல் புத்தகம் 34-ம் அதிகாரத்தை எடுத்துப் படிங்க. ஆண்டவர் அங்க மேய்ப்பருங்களை மட்டும் கண்டிக்கலை, ஆடுகளையும் கண்டிக்கறாரு. கொழுத்த ஆடுக முன்னால போய் தெளிஞ்ச தண்ணிய வயிறு முட்டக் குடிக்குது. குடிச்சது போதாதுன்னு, மிச்சத் தண்ணிய காலால கலக்கி விட்டுட்டுப் போகுது. பின்னால வர்ற இளைச்ச ஆடு அந்தச் சேத்தைக் குடிக்கோணுமான்னு கேக்கறாரு. பாபிலோனுக்கு நாடு கடத்திக்கிட்டுப் போன சனங்களுக்கு, 2,500 வருசத்துக்கு முன்னால அந்த இறைவாக்கினர் சொன்னது. எனக்கென்னமோ நொய்யல் கரையில நின்னு சொன்ன மாதிரி இருக்குதுங்க.

நொய்யல் வெள்ளிங்கிரி மலையில பொறந்து, கோயமுத்தூர், திருப்பூரைத் தாண்டி நம்ம முத்தூர்ப் பக்கம் வந்து, கரூர் மாவட்டத்துல காவேரியில சேருது. பாசனத்துக்குன்னு ஒரத்துப்பாளையத்துல 1992-ல அணை கட்டுனாங்க. அணையில சேந்தது என்னன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். சாயம் துணியில பிடிக்கறதுக்கு உப்பு போடுவாங்க. கழிவுத் தண்ணியில நிறத்தை எடுக்கறது சுலபம். உப்பை எடுக்கறதுக்குத்தான் செலவு. அந்த உப்பு கிணத்துக்குள்ள இறங்கி, தென்னைக்கு வந்து, காய் சிறுத்து, மண்ணு வெளுத்துப் போச்சு. பாசனத்துக்குக் கட்டுன அணைத் தண்ணிய "வேண்டாம், திறக்காதீங்க"ன்னு விவசாயியே சொல்ற நெலைமை வந்துச்சு.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிக சங்கம் வருசக்கணக்கா வழக்கு நடத்துச்சு. கடைசியில 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. 700-க்கும் மேல பட்டறைக பூட்டுச்சு. அந்த வழக்கு நடந்த காலம் முழுக்க நானும் வாரா வாரம் பூசைக்குப் போனவன்தான். நல்ல மழைக்கு மன்றாடியிருக்கேன், மகளோட பரீட்சைக்கு மன்றாடியிருக்கேன். ஆத்துக்காக ஒரு நாள் கூட முட்டி போட்டதில்லை.

"திருப்பூர் இல்லீன்னா நம்ம பசங்க சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். என் பையனும் பனியன் கம்பெனியில வேலை பாக்கறவன். பட்டறைக மூடுனப்ப கூலிக்காரங்க பட்ட பாடு எனக்கும் தெரியும். சாயம் போடறது பாவம்னு நான் சொல்லலை. தண்ணியச் சுத்தம் பண்ணி மறுபடி உபயோகிக்கறதுக்கு ஆகுற செலவை மிச்சம் பண்றதுக்காக, மழை பேயற ராத்திரியா பாத்து மதகைத் திறக்கறாங்களே, அதைச் சொல்றேன். அந்தச் செலவு எங்கயும் காணாம போறதில்லை. கீழ இருக்கறவன் தென்னையில இருந்து, அவன் கிணத்துல இருந்து அதை வசூல் பண்றாங்க. அடுத்தவன் காசை அவனுக்குத் தெரியாம எடுத்தா அதுக்குப் பேரு களவு. ஏழாம் கட்டளை. அப்ப சாமியாரு இதைக் கோவில்ல பேசாம வேற எங்கீங்க பேசுவாரு?

நம்ம பாவசங்கீர்த்தனத்தை யோசிச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழமை கறி தின்னுட்டேன், பூசைக்கு வரலை, சம்சாரத்துகிட்ட கோபப்பட்டேன். "தண்ணியக் கெடுத்தேன் சாமி"ன்னு எத்தனை பேரு சொல்லியிருப்போம்? படைப்பைக் கெடுக்கறது பாவம்னு பிரான்சிஸ் பாப்பரசர் 2015-ல 'இறைவா உமக்கே புகழ்' மடல்ல எழுதியும் ஆச்சு. சக்கேயு மன்னிப்புக் கேட்டுட்டு மரத்துல இருந்து இறங்கிச் சும்மா வீட்டுக்குப் போகலை. ஏமாத்துனதை நாலு மடங்காத் திருப்பித் தர்றேன்னான். எடுத்ததைத் திருப்பிக் குடுக்கோணும்ங்கறது நம்ம திருச்சபையோட பாடந்தான். வேளாங்கண்ணிக்கு நடந்து போறதோ, தேருக்கு ஆயிரம் ரூவா எழுதறதோ அதுக்கு ஈடாகாது.

மத்தவங்களை மட்டும் திட்டிட்டுப் போனா அது யோக்கியமில்லை. வெள்ளகோவில் பி.ஏ.பி. வாய்க்காலுக்குக் கடைமடை. மேல இருக்கறவன் ராத்திரியில குழாய் போட்டு உறிஞ்சறான்னு நாம போராட்டம் பண்றோம். அதே நான், எட்டு வருசத்துக்கு முன்னால பங்காளி கிணத்துக்குப் பக்கத்துல 900 அடிக்கு போர் ஓட்டுனேன். மூணு மாசத்துல அவன் கிணறு வத்துச்சு. "என் பூமி, என் போரு"ன்னு சட்டம் பேசுனேன். அவன் எருமை ரெண்டையும் சந்தையில வித்தான். அப்ப கொழுத்த ஆடு யாருங்க? நாந்தேன்.

போன தவக்காலத்துல அதைச் சாமியார்கிட்டச் சொன்னேன். அவரு செபமாலை சொல்லச் சொல்லலை. "அவருக்குத் தண்ணி குடு"ன்னாரு. இப்ப வாரத்துல ரெண்டு முறை அவன் தொட்டிக்குத் திறந்து விடறேன். வித்துப்போன எருமைக்கு அது ஈடில்லை, தெரியும். இன்னும் அவன் எங்கூடச் சரியாப் பேசறதில்லை. பேசோணும்னு கேக்கற உரிமையும் எனக்கில்லை.

இந்தத் தவக்காலத்துக்கு கறி, மீனுக் கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும். பட்டறை வெச்சிருந்தாலும், போர் வெச்சிருந்தாலும், தோட்டத்துல மருந்து அடிச்சாலும், நமக்குக் கீழ யாரு தண்ணி குடிக்கறான்னு ஒருதடவை போய்ப் பாத்துட்டு வாங்க. அப்பறமும் இது கோவில்ல பேசக்கூடாத விசயம்னு தோணுச்சுன்னா, தோட்டத்துக்கு வாங்க, உக்காந்து பேசலாம்.