ஒலிப்பதெல்லாம் பொன்னன்று



உலோகம் கண்டறியும் கருவியொன்றைக் கடன்பட்டு வாங்கிய இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் பொன் தேடப் போவதாகக் கூறினார். முதலில் பங்குமனைத் தோட்டத்தில் பழகுமாறு பணித்தோம். கருவி ஓயாது ஒலித்தது. கிடைத்தவை ஆணிகளும் சோடா மூடிகளுமே.

அக்கருவியின் சுருள் மண்ணுள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. அதனால் உலோகத்தில் எழும் மின்னோட்டத்தை உணர்ந்து ஒலிக்கிறது. சிறு பொன் துண்டும் அலுமினியத் துண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே ஒலிக்கும், தோண்டினாலன்றித் தெரியாது.

பொன் கிடைத்ததே இல்லை என்போமல்லோம். பழனியை அடுத்த கலையம்புத்தூரில் 1856இல் உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. ஆயினும் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். மலைக்கோட்டையோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அனுமதியின்றி அங்குத் தோண்டுதல் குற்றம்.

இவற்றை விளக்கியபின், அவருடன் அமர்ந்து கடனைக் கணக்கிட்டோம். கருவியை விற்றால் பாதி தீரும். மீதிக்கு உழைப்பே வழி. அவரும் இசைந்தார்.

பெற்றோரே, இத்தகைய கருவி இல்லம் நுழையுங்கால் அதன் விலையை மட்டுமன்று, அதற்கென வாங்கிய கடனையும் கேட்டறியுங்கள்.