குறுக்கு வழி வேண்டாமே, குட்டீஸ்!



கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள்! பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பத் திரும்ப, வயிற்றைப் பிரட்டும். "எதுக்கு இப்படிச் சுத்திச் சுத்திப் போகணும்? நேரா மேலே ரோடு போட்டா சீக்கிரம் போயிடலாமே!" என்று உங்களில் பலர் அம்மாவிடம் கேட்டிருப்பீர்கள்.

நேராக ரோடு போட்டால் பஸ் ஏறத் திணறும். இறங்கும்போதோ பிரேக் தாங்காது. போதாததற்கு, மழை பெய்தால் தண்ணீர் முழுவதும் அந்த ரோட்டின் வழியே பாய்ந்து ஓடி, ரோட்டையே பெயர்த்துவிடும். அதனால்தான் மலையை வளைத்து வளைத்துப் பாதை போடுகிறார்கள்.

மலையில் நடந்து ஏறும் ஒற்றையடிப் பாதையும் இப்படித்தான் வளைந்து போகும். இன்று நாம் பேசப்போவது அந்தப் பாதையைப் பற்றித்தான்.

பள்ளியில் மலையேற்றத்துக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை இடது பக்கம் சுற்றிக்கொண்டு போகிறது. மேலே, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் அதே பாதை மறுபடியும் தெரிகிறது. உடனே ஒருவன் கத்துவான்: "டேய், இப்படியே நேரா ஏறிடலாம்டா!" அவன் பின்னால் பத்துப் பேர் ஓடுவார்கள். ஐந்து நிமிடம் மிச்சம்!

அதற்குப் பிறகு என்ன நடக்கும் தெரியுமா? பத்துப் பேர் மிதித்த இடத்தில் புல் மடியும். அடுத்த வாரம் வருகிறவர்கள் அந்தத் தடத்தைப் பார்த்து, 'ஓகோ, இதுவும் வழிதான் போல' என்று ஏறுவார்கள். புல் செத்து மண் வெளியே தெரியும். மண்ணைப் பிடித்து வைத்திருந்ததே அந்தப் புல்லின் வேர்தான். மழை வந்ததும் தண்ணீர் அந்தத் தடத்தைத் தேடிப்பிடித்து நேராகக் கீழே பாயும். மண் கரைந்து, தடம் வாய்க்கால் ஆகும். வாய்க்கால் பள்ளம் ஆகும். கடைசியில் நல்ல பாதையும் சேர்ந்து சரியும்.

தண்ணீருக்கு அவ்வளவு பலமா என்கிறீர்களா? ஆந்திராவில் கடப்பா மாவட்டத்தில் கண்டிக்கோட்டா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பழைய கோட்டையின் ஓரத்தில் நின்று பார்த்தால், செந்நிறப் பாறை மலை இரண்டாகப் பிளந்து கிடக்கும். அடியில் பெண்ணாறு ஓடும். கர்நாடகாவின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, நெல்லூர் மாவட்டத்தில் கடலில் கலக்கும் ஆறு அது. மணலையும் கூழாங்கற்களையும் இழுத்துக்கொண்டு ஓடி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலப் பாறையைத் தேய்த்துத் தேய்த்து அந்த ஆறு உண்டாக்கிய பள்ளத்தாக்குதான் அது. பாறையை அறுக்க ஆற்றுக்கு எத்தனையோ லட்சம் ஆண்டுகள் ஆயின. ஆனால் புல் போன மண் சரிவை அறுக்க இரண்டு, மூன்று மழைக்காலம் போதும். வழியைத் திறந்துவிடுவது நம் கால்!

இமயமலையில், உத்தராகண்டில் 'பூக்களின் பள்ளத்தாக்கு' இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 10,000 அடிக்கும் மேலே! ஆண்டில் பாதிக்கு மேல் பனி மூடிக் கிடக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரைதான் நடந்துபோய்ப் பார்க்கலாம். அந்தச் சில மாதங்களுக்குள் செடிகள் முளைத்து, பூத்து, விதை போட்டு முடிக்க வேண்டும். போட்டோ எடுக்கும் ஆசையில் பாதையை விட்டு இறங்கி ஒரு செடியை மிதித்துவிட்டால், அந்த ஆண்டு அது விதை போடாமலே போகலாம். 2005ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்தில் இரவு தங்க யாருக்கும் அனுமதி இல்லை. சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

பாதை நம்மிடமிருந்து மலையைக் காப்பாற்றுகிறது. மலையில் இருக்கும் ஆபத்துகளிலிருந்து நம்மையும் காப்பாற்றுகிறது. மகாராஷ்டிராவில் பண்டார்தராவுக்குப் பக்கத்தில் சாந்தன் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். இருபுறமும் பாறைச் சுவர்கள். நடுவில் சந்து போல வழி. அதில் நடப்பதே தனி அனுபவம். ஆனால் மழைக்காலத்தில் அங்கே நடக்கக் கூடாது. நம் தலைக்கு மேலே வெயில் அடித்தாலும், தூரத்து மலையில் பெய்த மழை வெள்ளமாக அந்தச் சந்துக்குள் பாய்ந்து வரலாம். ஓடி ஏற இடமே இருக்காது. "இன்னைக்கு வேண்டாம், திரும்பிடலாம்" என்று உள்ளூர் வழிகாட்டி சொன்னால், மறுபேச்சு பேசாமல் திரும்ப வேண்டும்.

2018 மார்ச்சில் நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். உங்கள் அப்பா, அம்மாவுக்கு அது நன்றாக நினைவிருக்கும். எந்த மாதத்தில் போகலாம், எந்த வழியில் போகலாம் என்று வனத்துறை விதி வைப்பது நம் சந்தோஷத்தைக் கெடுக்க அல்ல. 2024ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 40 மலையேற்றப் பாதைகளை அரசு அறிவித்து, காட்டை நன்கு அறிந்த உள்ளூர்க்காரர்களையே வழிகாட்டிகளாக ஆக்கியிருக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு, அவர்களோடு போனால் பயமில்லை.

இன்னொரு பாதையையும் சொல்லிவிடுகிறேன். மேகாலயாவில் நோங்ரியாட் என்ற கிராமத்துக்கு 3,000 படிகளுக்கு மேல் இறங்கிப் போக வேண்டும். அங்கே ஓடைகளின் மேல் பாலங்கள் உண்டு. சிமென்ட் பாலம் இல்லை, உயிருள்ள பாலம்! காசி மக்கள் ரப்பர் அத்தி மரத்தின் வேர்களை ஓடையின் குறுக்கே மெல்ல மெல்ல வளர்த்து, அக்கரையில் ஊன்றவிட்டுப் பாலம் ஆக்குகிறார்கள். அது ஆள் நடக்கும் அளவுக்கு உறுதியாகப் பல ஆண்டுகள் ஆகும். மரத்தை நட்ட தாத்தா ஒருவேளை அந்தப் பாலத்தில் நடந்திருக்கவே மாட்டார். பேரன் நடப்பான்.

யோசித்துப் பாருங்கள், குட்டீஸ். நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகப் பாதை போட்டவர்கள் அவர்கள். ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க அந்தப் பாதையைக் கெடுக்கிறவர்களாக நாம் இருக்கலாமா?

மலைக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டாம். விதைத்த வயலின் குறுக்கே ஓடாமல் வரப்பில் நடங்கள். பூங்காவில் செடிகளை மிதிக்காமல் நடைபாதையில் போங்கள். இன்று வரப்பில் பழகிய கால், நாளை மலையிலும் பாதையை விட்டு இறங்காது.

அடுத்த முறை யாராவது, "டேய், நேரா ஏறிடலாம்டா!" என்று கத்தினால், "வேண்டாம்டா, சுத்தியே போவோம்" என்று சொல்லும் முதல் குரல் உங்களுடையதாக இருக்கட்டும். சரிதானே?

அன்புடன்,
ஆசிரியர்