கடற்கொள்ளையர் கற்பிக்கும் வரலாற்றுப் பாடம்



சென்ற ஆண்டு இரண்டாம் தவணையில், மேற்பிரிவு மாணவருக்கு மூன்று சனிக்கிழமைகள் நான் கடற்கொள்ளையரைப் பற்றிப் பாடம் நடத்தினேன். மூன்றாம் வாரம் வகுப்பு முடிந்ததும் தந்தையார் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "மாஸ்ரர், குறை நினையாதேங்கோ. பிள்ளையள் தமிழ் படிக்கவெல்லோ வருகுதுகள். அமெரிக்காவில இருந்த கடற்கொள்ளைக்காரரின்ர கதை இதுக்குள்ள என்னத்துக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. வாரத்தில் இரண்டரை மணித்தியாலமே எமக்குக் கிடைக்கின்றது. குளிரிலும் மழையிலும் பிள்ளைகளை ஏற்றிவந்து இறக்கிவிடும் பெற்றோர், அந்நேரம் எவ்வாறு செலவாகின்றது என்று கேட்பது அவர்களது உரிமை. அன்று அவசரத்தில் நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே இம்மலரின் வாயிலாக விரிவாக விடை கூற விழைகின்றேன்.

என் கவனத்தை இவ்விடயத்தின்பால் ஈர்த்தவை, அமெரிக்காவின் தொடக்ககால வரலாற்றை ஆராயும் அறிஞர்கள் பொதுமக்களுக்காக ஆற்றும் உரைகளாகும். அவ்வறிஞர்களுள் ஒருவர் மார்க் ஹன்னா. கொள்ளையர் கூடுகளையும் பிரித்தானியப் பேரரசின் எழுச்சியையும் ஒருசேர ஆராயும் அவரது நூல் 2015இல் வெளிவந்தது. கொள்ளையன் கடலில் மாத்திரம் வாழ்ந்தவனல்லன் என்பதே அந்நூலின் சாரம். அவனுக்குக் கரையிலே மனைவி மக்கள் இருந்தனர், அயலவர் இருந்தனர், அவன் கொணர்ந்த பொருளை வாங்க வணிகர் இருந்தனர், அவனைக் காக்க ஆளுநரும் இருந்தனர். ஒற்றைக்கண் மறைப்பும் மண்டையோட்டுக் கொடியுமாகத் திரைப்படங்களிற் கண்ட உருவத்தை மறந்துவிட்டு, அக்கரையை நாம் சற்று நோக்குவோமாக.

றோட் ஐலன்ட் குடியேற்றத்தின் நியூபோட் துறைமுகத்தைச் சேர்ந்தவன் தோமஸ் டியூ. 1692இல் மேற்கு ஆபிரிக்காவிலிருந்த பிரெஞ்சுக்காரரைத் தாக்குவதற்கென அனுமதிப் பத்திரம் பெற்றுப் பெர்மியூடாவிலிருந்து புறப்பட்டான். ஆனால் அவன் சென்றதோ செங்கடலுக்கு. அங்கே, 1693இல், இந்தியாவிலிருந்து அரபு நாட்டை நோக்கிச் சென்ற பெருங்கப்பலொன்றைக் கொள்ளையிட்டான். 1694 ஏப்ரலில் பொன்னோடும் வெள்ளியோடும் நியூபோட் திரும்பியபோது அவனைச் சிறைப்பிடிப்பாரில்லை. ஊர் மகிழ்ந்து வரவேற்றது. நியூயோர்க் ஆளுநர் பெஞ்சமின் பிளெச்சர் அவனைத் தமது வண்டியிலேற்றி உலாவந்தார், விருந்தளித்தார், பரிசில்களும் பரிமாறப்பட்டன. பின்னர் இலண்டன் அதிகாரிகள் விளக்கம் கோரியபோது, அவன் பேச்சினிமை மிக்கவன் என்றும், அவனுடைய தூஷண வார்த்தை பேசும் பழக்கத்தைத் திருத்தவே தாம் முயன்றதாகவும் ஆளுநர் எழுதினார்! இவ்விடத்தில் எமது வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஊர் முழுவதும் ஏன் மகிழ்ந்தது? குடியேற்றங்களில் வெள்ளி நாணயத்துக்குப் பெருந் தட்டுப்பாடு. இங்கிலாந்திலிருந்து பொருள்களை வாங்கியதால் கையிலிருந்த காசெல்லாம் அங்கேயே சென்றது. கப்பலோட்டச் சட்டங்கள் வணிகத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. இந்நிலையில் கொள்ளையன் கொணர்ந்த வெள்ளி, கடைக்காரனுக்கும் கப்பல் கட்டுவோனுக்கும் வாழ்வளித்தது. 2014இல் றோட் ஐலன்டின் மிடில்ரவுண் என்ற ஊரின் விவசாய நிலமொன்றிலே அரபு எழுத்துப் பொறித்த சிறிய வெள்ளிக்காசு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. 1693இல் யேமனில் வார்க்கப்பட்ட காசு அது. செங்கடற் கொள்ளையின் வழியாகவே அது அங்கு வந்திருக்க வேண்டுமென ஆய்வாளர் கருதுகின்றனர்.

அக்காசுக்கு மறுபக்கமும் உண்டு. 1695 செப்ரெம்பரில் ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலேயனும் அவனது கூட்டாளிகளும், ஔரங்கசீப்பின் "கஞ்-இ-சவாய்" என்ற கப்பலைக் கைப்பற்றினர். அது மக்காவுக்கு யாத்திரை சென்று சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோரின் கப்பல். அதிலிருந்தோர் வதைக்கப்பட்டனர்; பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை இளம் மாணவர் படிக்கும் இம்மலரில் நான் விரித்துரைக்கப் போவதில்லை. மொகலாயரின் சினத்துக்கு அஞ்சிய இங்கிலாந்து, கொள்ளையரைப் பிடித்துத் தருவோருக்குப் பரிசு அறிவித்தது. 1696இல் அறுவர் இலண்டன் நீதிமன்றில் நிறுத்தப்பட்டபோது முதல் வழக்கில் ஜூரிமார் அவர்களைக் குற்றவாளிகளாகக் காணவில்லை. வேறு குற்றச்சாட்டின் கீழ் மீண்டும் விசாரித்தே தண்டனை வழங்க முடிந்தது, ஐவர் தூக்கிலிடப்பட்டனர். எவ்ரியோ அகப்படவேயில்லை. கொள்ளை போனது தொலைதூரத்து அந்நியரின் பொருளாக இருந்தமையால், அது குற்றமாகவே பலருக்குத் தோன்றவில்லை.

அடுத்து வில்லியம் கிட். நியூயோர்க்கில் வீடும் குடும்பமும் மதிப்பும் உள்ளவராக வாழ்ந்தவர். 1696இல் கொள்ளையரைப் பிடிப்பதற்கென்றே அரசரின் பத்திரத்தோடு கடலேறினார். அப்பயணத்துக்குப் பணமிட்டோருள் இங்கிலாந்தின் பிரபுக்களும் இருந்தனர். 1698 ஜனவரியில் மலையாளக் கரைக்கு அப்பால், ஆர்மேனிய வணிகரின் சரக்கேற்றிய கப்பலொன்றைக் கைப்பற்றினார். அக்கப்பல் பிரெஞ்சுக் கடவுப் பத்திரம் வைத்திருந்தமையால் அது பகைநாட்டுக் கப்பலே என்பது அவர் வாதம். ஆயின் 1699இல் பொஸ்ரனில் அவரைச் சிறையிலிட்டவர், அப்பயணத்தின் பங்காளிகளுள் ஒருவரும் அப்போதைய ஆளுநருமான பெல்லமொன்ற் பிரபுவே. 1701இல் இலண்டனில் விசாரணை நடந்தபோது அப்பத்திரங்கள் நீதிமன்றில் முன்வைக்கப்படவில்லை. கடற்கொள்ளைக்காகவும், தம் மாலுமி ஒருவரைக் கொன்றமைக்காகவும் அவர் தூக்கிலிடப்பட்டார். இருநூறு ஆண்டுகள் கழிந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்பத்திரங்கள் இலண்டன் அரச ஆவணக் காப்பகத்திலே கிடைத்தன. அவர் குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. ஒரு மனிதன் தன் உயிருக்காக மன்றாடும்போது அவனுக்குச் சார்பான கடதாசி எங்கோ ஓர் அடுக்கில் இருந்தது என்பதையே மாணவருக்குச் சொன்னேன்.

மீண்டும் நியூபோட்டுக்கு வருவோம். டியூவை வரவேற்ற அதே துறைமுகத்தில், 1723 ஜூலையில், ஒரே நாளில் 26 கடற்கொள்ளையர் தூக்கிலிடப்பட்டனர். இடையே கழிந்தவை 29 ஆண்டுகளே. அதற்குள் என்ன மாறியது? கொள்ளையரைக் குடியேற்றங்களிலேயே விசாரித்துத் தண்டிக்க 1700ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அத்தோடு, புதிய கொள்ளையர் தாக்கியவை தொலைதூரத்து மொகலாயக் கப்பல்களல்ல, அமெரிக்கத் துறைமுக வணிகர்களின் சொந்தக் கப்பல்கள். தன் வீட்டுக் கதவை உடைத்தபோதுதான் ஊருக்குக் கள்வன் கள்வனாகத் தெரிந்தான்.

பெயர் சூட்டல் அத்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கர் சுதந்திரத்துக்காகப் போரிட்ட காலத்தில், அவர்களது அனுமதி பெற்ற கப்பல்களில் பிடிபட்டோரைக் கடற்கொள்ளையரெனக் கொண்டு விசாரணையின்றித் தடுத்துவைக்கப் பிரித்தானிய நாடாளுமன்றம் 1777இல் சட்டமியற்றியது. அமெரிக்கருக்கோ அவர்கள் தேசபக்தர். 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பிலும் அத்தகைய அனுமதிப் பத்திரம் வழங்கும் அதிகாரம் காங்கிரஸ் சபைக்கு அளிக்கப்பட்டுள்ளது.

இனி, தமிழ்ப் பாடசாலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு வருகின்றேன்.

கடற்கொள்ளையர் பாடம் முடிந்து இரு வாரங்களின் பின், இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைப் படிப்பித்தேன். 1025ஆம் ஆண்டளவில் சோழர் கடற்படை ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கி, பெரும் பொருட்குவியலையும் மணிகள் பதித்த தோரண வாயிலையும் கொண்டுவந்ததாக மெய்க்கீர்த்தி பெருமையோடு கூறுகின்றது. ஊரிலே ஆசிரியனாக இருந்த காலத்தில் இதனைப் பலமுறை படிப்பித்தவன் நான். படிப்பிக்கும்போது என் குரல் உயரும். மாணவர் முகம் மலரும். இம்முறை பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தி, "சேர், கடாரத்து ஆக்கள் அதை என்னெண்டு சொல்லியிருப்பினம்?" என்று கேட்டாள்.

வகுப்பு அமைதியாயிற்று. எனக்கு விடை வரவில்லை. என் ஆசிரிய வாழ்வில் எவரும் என்னிடம் இக்கேள்வியைக் கேட்டதில்லை. கேட்கும் வகையில் நான் கற்பிக்கவுமில்லை.

அன்றிரவு நான் எண்ணியது இலங்கையைப் பற்றி. சோழர் ஈழத்தை வென்று ஐந்தாம் மகிந்தனைச் சிறைகொண்ட வரலாற்றில், எதிர்க்கரையின் குரலும் எழுத்தில் இருக்கின்றது. சோழர் வெற்றியென்று கல்லிற் பொறித்ததை, விகாரைகளைச் சூறையாடிய செயலென்று சூளவம்சம் எழுதிவைத்தது. அதனை எழுதிய பிக்குமாருக்கும் தமக்கென ஒரு சார்பு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு நிகழ்வுக்கு இரு ஏடுகள் இருக்க, ஒன்றை மாத்திரம் நான் படிப்பித்தேன். மற்றப் பக்கத்துப் பாடசாலைகளில் மற்ற ஏடு மாத்திரம் படிப்பிக்கப்பட்டிருக்கலாம். அவ்வாறு ஒற்றை ஏடு படித்து வளர்ந்த பிள்ளைகளின் தலைமுறையே நாம். அதற்கு நாடு கொடுத்த விலையைப் பெற்றோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சிலர், "எங்கள் பெருமையைக் குறைத்துப் படிப்பிக்கிறார்" என்று என்மீது குறைகூறக் கூடும். அந்நிய மண்ணில் வளரும் பிள்ளைக்குத் தன் இனத்தின் பெருமை ஊன்றுகோல் என்பதை நானும் அறிவேன். சோழரின் கப்பற்கலையும் நிருவாகத் திறனும் பெருமைக்குரியனவே. அவற்றைத் தொடர்ந்து படிப்பிப்பேன். ஆனால் கேள்விக்கு அஞ்சும் பெருமை, பிள்ளை உயர்கல்லூரிக்குச் சென்று எதிர்வாதத்தைக் கேட்கும் முதல் நாளிலேயே முறிந்துபோகும்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் அகதியாக வந்தவன். ஒரு கோப்பிலே நான் ஆசிரியன். மற்றொன்றிலே சட்டவிரோதமாக நுழைந்தவன். இன்னொன்றிலே வெறும் இலக்கம். எனக்குச் சார்பான கடிதமொன்று உரிய மேசையை அடையும்வரை பல மாதங்கள் காத்திருந்தேன். கிட்டின் பத்திரங்களைப் பற்றி வகுப்பிலே பேசும்போது என் குரல் தளர்ந்தமைக்குக் காரணம் அதுவே. எம்மைப் பற்றிப் பிறர் எழுதியதை மாத்திரம் படித்துத் தீர்ப்பளிக்காதீர்கள், எமது ஏட்டையும் புரட்டிப் பாருங்கள் என்று உலகத்திடம் கேட்கின்றோம். அதைக் கேட்பதற்குரிய தகுதி, பிறரது ஏட்டை நாமும் புரட்டும்போதே எமக்கு வரும்.

ஆதலால் என் கருத்து இதுவே. எமது பாடசாலையில் எந்த வரலாற்றைப் படிப்பித்தாலும், மூன்று கேள்விகளைப் பிள்ளைகள் தமிழிலே கேட்கப் பழக வேண்டும். இதை எழுதியவர் யார்? இதனால் நன்மை பெற்றவர் யார்? இதில் பேசாதிருப்பவர் யார்? பட்டப்பெயர்களையும் ஆண்டுகளையும் மனனஞ் செய்வதற்கு வேண்டிய தமிழ் சிறிது; இக்கேள்விகளைக் கேட்டு வாதிடுவதற்கு வேண்டிய தமிழ் பெரிது. கொள்ளைக்கும் வெற்றிக்கும், அனுமதிக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழிலே விவாதித்த அச்சனிக்கிழமைகளில், வழக்கமாக ஆங்கிலத்தில் முணுமுணுக்கும் பிள்ளைகள்கூடத் தமிழிலே சண்டையிட்டதைக் கண்டேன். என்னைக் கேள்வி கேட்ட தந்தையாருக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடை அதுதான்.

மேலும், கலைவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் நாள் ஒதுக்கும் நாம், ஆண்டுக்கொரு மாலைப்பொழுதை வரலாற்று உரைக்கும் ஒதுக்கலாகாதா? ஆவணங்களைத் தாமே படித்து ஆராய்ந்த ஒருவர் வந்து எளிய தமிழிற் பேச, பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து கேட்டு, இறுதியில் வினாத் தொடுக்க வேண்டும். பாடசாலை நிருவாகம் இதனைக் கவனத்திற் கொள்ளுமென நம்புகின்றேன்.

கையை உயர்த்திய அச்சிறுமிக்கு என் நன்றி.