திருத்தி எழுத இரண்டாவது நாள் வேண்டும்



சிங்கப்பூரில் தேக்கா எனப்படும் வட்டாரத்தின் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்கு அடுத்தது ரோச்சோர், அதற்கடுத்தது பூகிஸ். இறங்கி நடந்தால் விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம். 2005இல் திறந்த 16 மாடிக் கட்டடம். கதை எழுத ஆசைப்படும் தேக்காவாசிக்கு நூலகத்தின் எழுத்துப் பட்டறை அவ்வளவு பக்கம்.

1950 வாக்கில் அந்த வசதி கிடையாது. ஆனால் வகுப்பு இருந்தது! கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பாடம் பத்திரிகையில் வரும். எழுதிப் பழகியவர்களில் பலர் பின்னாளில் எழுத்தாளரானார்கள். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு', மாணவர் மணிமன்றம் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்தை அச்சேற்றியது. தன் பெயரை அச்சில் பார்த்த பிள்ளை அடுத்த வாரமும் எழுதாமல் இருக்குமா?

அந்தத் தொடர்ச்சிதான் ஒரே பிற்பகலில் முடிகிற பட்டறையில் விட்டுப்போகிறது. முதல் படியை எழுதியதும் கைதட்டல், குழுப்படம், கலைதல். எழுத்து திருந்துவதோ இரண்டாம் மூன்றாம் படிகளில். ஒரு மாதம் கழித்து பட்டறைக்கு வந்தவர்களே திருத்திய கதையோடு மறுபடி கூடினால் போதும். புதுச் செலவு பெரிதாக இராது.

பாடநூலும் கைவசம் இருக்கிறது. 1965க்குப் பிந்தைய ஐம்பதாண்டு சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகள் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் மின்வடிவம் பெற்றுள்ளன. அவற்றில் ஒரு சிறுகதையை எடுத்து, அதன் முதல் பத்தியைப் பிரித்துப் பார்ப்பதில் அடுத்த பட்டறை தொடங்கட்டும்.

– வாசகர், சிராங்கூன்