முதலீடு என்றால் ஸகாத் எங்கே?

 

பழைய வீடியோ கேம் கேசட்டுகளை நாடுவாரியாகத் தேடிச் சேர்க்கும் மோகம் நம் இளைஞர் சிலரையும் பற்றியுள்ளது. ஒரே விளையாட்டுக்கு ஜப்பானியப் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு என அலமாரி நிறைகிறது. "இத்தனை செலவு எதற்கு?" என வீட்டார் வினவினால், "இது முதலீடு, நாளை விலை ஏறும்" என்கின்றனர். அந்த விடையையே நாம் இங்கு எடைபோடுகிறோம்.

பதிப்புகள் வேறுபட்டதற்குக் காரணம் உண்டு. நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் கேசட்டில் 60 முனைகள். 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கருவியின் கேசட்டில் 72 முனைகள். ஒன்று மற்றொன்றில் நேரடியாகப் பொருந்தாது. ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையும் வேறு. மார்க்கத்திற்கு முரணானவற்றைத் தவிர்த்து, தொழுகையும் குடும்பக் கடமையும் பாழாகாமல், இவற்றை ஒப்பிட்டு மகிழ்வோரை நாம் குறைகூறவில்லை.

ஆனால் விலை எதற்கு? பண்டாய் நிறுவனம் 1987இல் அமெரிக்காவில் 'ஸ்டேடியம் ஈவண்ட்ஸ்' எனும் ஓட்டப்பந்தய விளையாட்டை வெளியிட்டது. அதற்குரிய கால்விரிப்பின் உரிமையை நின்டெண்டோ பெற்றதும் அப்பிரதிகள் கடைகளிலிருந்து மறைந்தன. மறு ஆண்டே அதே விளையாட்டு 'வேர்ல்ட் கிளாஸ் டிராக் மீட்' எனப் பெயர் மாறி வந்தது. 2010இல் முதற்பெயர் தாங்கிய, உறை பிரிக்காத பிரதியொன்று 41,300 டாலருக்கு விற்பனையானது. மறுபெயர்ப் பிரதியோ சில டாலர்களுக்கே கிடைக்கும். ஆட்டம் ஒன்றே, விலையெல்லாம் மேலட்டைக்கும் அரிதென்னும் பெயருக்கும்தான். உறையைப் பிரித்தால் அதுவும் சரியும்.

இருக்கட்டும், முதலீடு என்றே கொள்வோம். விற்று இலாபம் காணும் நிய்யத்துடன் வாங்கிய பொருள் வணிகப் பொருளாகும். நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால், அன்றைய சந்தை மதிப்பில் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஸகாத் உண்டு என்பதே பெரும்பான்மை உலமாக்களின் தீர்ப்பு. ஆனால் நடப்பது என்ன? மனைவி கேட்டால் முதலீடு. ரமளானில் ஏழை கேட்டால் வெறும் விளையாட்டுப் பொருள்! ஒரே அலமாரிக்கு இரண்டு பெயர் சூட்டி மனிதரிடம் தப்பலாம். உள்ளத்தை அறிந்த அல்லாஹ்விடம் தப்ப இயலுமா?

விற்பதிலும் எச்சரிக்கை தேவை. புதிதாகச் செய்த நகலை அசலென விற்பதும், மலிவான பதிப்பை அரிய நாட்டுப் பதிப்பெனக் காட்டுவதும் மோசடியே. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். வாங்கும் எண்ணமின்றி ஏலத்தில் விலையேற்றுவதையும் அவர்கள் தடுத்துள்ளார்கள்.

எனவே, பொழுதுபோக்கு எனில் அதற்குரிய அளவோடு நிற்போம், வீண்விரயம் தவிர்ப்போம். வணிகம் எனில் கணக்கெழுதி ஏழையின் பங்கை முதலில் எடுத்து வைப்போம். அல்லாஹ் நம் பொருளில் பரக்கத்தையும் நம் சொல்லில் நேர்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.