நிஜமான ஜல்லி பற்றி ஒரு பதிவு

முதல்லயே சொல்லிடறேன். வலையுலகத்துல 'ஜல்லியடிக்கிறது'ன்னா என்னன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அதுல எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு :-) ஆனா இது அந்த ஜல்லி இல்லை. கருங்கல்லை உடைச்சு, சலிச்சு, டிராக்டர்ல ஏத்திக்கிட்டு வந்து வாசல்ல கொட்டுறாங்களே, அந்த அசல் ஜல்லி.

மேட்டர் இதுதான். எங்க ஊர்ப் பக்கம், அதாவது சோழபுரம், முகவூர், தளவாய்புரம்னு ஆரம்பிச்சு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும், யார் புது வீடு கட்டினாலும் சரி, பழைய வீட்டுக்குப் புதுசா கார் வந்தாலும் சரி, கேட்டுல இருந்து போர்டிகோ வரைக்கும் சிமெண்ட் போட்டு மூடிடறாங்க. கொஞ்சம் வசதி இருந்தா பேவர் பிளாக். காம்பவுண்டுக்குள்ள ஒரு பிடி மண்ணு கண்ணுல படாது. படக்கூடாதாம், அதுதான் நாகரிகமாம். எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்லை. கார் நிக்கிற இடத்துக்கும் போற வழிக்கும் ஜல்லி போதும். போதும்னு மட்டும் இல்லை, எங்க ஊர் மண்ணுக்கு அதுதான் சரி. ராம்கோ சிமெண்ட் வளர்ந்த ராஜபாளையத்துக்குப் பக்கத்துல பொறந்துட்டு இப்படிப் பேசுறானேன்னு ஊர்ல ஏற்கனவே ஒரு மாதிரிதான் பார்க்கிறாங்க. பார்க்கட்டும்.

போன வருஷம் எங்க வீட்டுக்கு இந்த வேலையை நான்தான் முன்னாடி நின்னு செஞ்சேன். கம்ப்யூட்டர்ல ஆணி பிடுங்கறவனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு சித்தப்பா கேட்டார். எஞ்சினியரிங் படிச்சதுக்கு ஒரு தடவையாவது நாலு கன அடி கணக்குப் போட்டுப் பார்க்கலாமேன்னுதான்.

முதல் சிக்கல் கல்லுல இல்லை, வார்த்தையில. இணையத்துல தேடினீங்கன்னா வெள்ளைக்காரங்க 'கிராவல்' போட்ட வழிகளைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்காங்க. அதைப் படிச்சுட்டு நம்ம ஊர் வண்டிக்காரருக்கு போன் போட்டு "அண்ணாச்சி, ரெண்டு லோடு கிராவல் வேணும்"னு சொன்னா, சிவப்பா சரள் மண்ணு வந்து வாசல்ல நிக்கும். ஏன்னா நம்ம ஊர்ல கிராவல்னா அதுதான். ரோடு போடறதுக்கு அடியில கொட்டுற, சின்னச் சின்னக் கல்லு கலந்த மண். அவங்க கிராவல்னு சொல்றது பாதி நமக்கு ஜல்லி, மீதி கூழாங்கல். அதனால போன்ல மூணு விஷயத்தைத் தெளிவாச் சொல்லணும்: சரளா ஜல்லியா, ஜல்லின்னா எத்தனை எம்.எம்., தூசி கலந்ததா சலிச்சதா. முக்கால் ஜல்லின்னா 20 எம்.எம்., ஒன்றரை ஜல்லின்னா 40 எம்.எம்.. பழைய கொத்தனார்கிட்ட அங்குலத்துல பேசணும், க்ரஷர் ஆபீஸ்ல எம்.எம்.ல பேசணும். ரெண்டு பேர்கிட்டயும் 'நல்ல ஜல்லி'ன்னு மட்டும் சொல்லக்கூடாது. எல்லா ஜல்லியும் நல்ல ஜல்லிதான் அவங்களுக்கு.

இப்ப சிமெண்ட் ஏன் வேண்டாம்ங்கிறேன்னு பார்ப்போம். எங்க பக்கம் மலையை ஒட்டிப் போனா செம்மண், கிழக்கே போகப் போகக் கரிசல். எங்க மனை கரிசல். கரிசலுக்கு ஒரு குணம் உண்டு. அதுல இருக்கிற மான்ட்மோரில்லோனைட்ங்கிற களிமண் தண்ணியக் குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கும். சித்திரை வெயில்ல பார்த்தா கை நுழையற அளவுக்குப் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். ஐப்பசி மழையில அதே இடம் செருப்பை இழுத்துக்கும். இதுக்கு மேல மூணு அங்குலத்துக்கு கான்கிரீட் போட்டா மூணாவது வருஷம் விரிசல் விட்டு ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். எங்க தெருவுலயே காட்ட முடியும். ஜல்லிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அடியில மண்ணு ஏறினா அதுவும் ஏறும், இறங்கினா அதுவும் இறங்கும். ஒரு மண்வெட்டி எடுத்து நிரவி விட்டா முடிஞ்சது.

இன்னொண்ணு தண்ணி. 2003-ல மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயம் ஆக்கினாங்க, ஞாபகம் இருக்கா? நான் அப்போ பொடியன். தாத்தா வீட்டு மொட்டை மாடியில இருந்து குழாய் இறக்கி ஒரு குழியில விட்டது மட்டும் ஞாபகம் இருக்கு. இன்னைக்கு நிறைய வீட்டுல அந்தக் குழாய் அப்படியே இருக்கு, சுத்தி இருக்கிற தரையைத்தான் சிமெண்ட் போட்டு மூடிட்டாங்க. வாசல்ல விழற தண்ணி தெருவுக்குப் போகுது, தெருத் தண்ணி சாக்கடைக்குப் போகுது. அப்புறம் போர்ல தண்ணி வரலைன்னு இன்னும் ஆழமாப் போடறாங்க. என்ன கணக்குன்னே புரியலை.

சரி, எதிர்த்தரப்பு வாதமும் இருக்கு, அதையும் சொல்லணும். அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அப்ப கோலம் எங்கடா போட?" நியாயமான கேள்வி. ஜல்லி மேல சாணி தெளிக்கவும் முடியாது, புள்ளி வைக்கவும் முடியாது. அதனால கேட்டுக்கு வெளிய ஆறுக்கு நாலு அடி மட்டும் விட்டுட்டு, அதுல கடப்பாக் கல் பதிச்சாச்சு. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஜல்லியில நடந்தா கால் புரளும். அவருக்காக வாசப்படி வரைக்கும் ரெண்டு அடி அகலத்துக்கு ஒரு கல் பாதை. வண்டிக்கு சைடு ஸ்டாண்டு போட்டா ஜல்லிக்குள்ள புதையும், அதுக்கு ஒரு ஓட்டாஞ்சில்லு போதும். ஆனா நாய் வளர்க்கிறவங்க யோசிச்சுக்கோங்க. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல தபால்தலையே போட்டாங்க, கௌரவமான பிராணி, மே மாச மத்தியானம் சுடற ஜல்லி மேல அதை ஓட விட்டா பாவம் பிடிக்கும். நிழலா ஒரு ஓரத்தை மண்ணாவே விட்டுடுங்க. அதே நாய்க்கு ராத்திரியில யாராவது உள்ள வந்தா காலடிச் சத்தம் நல்லாக் கேட்கும்ங்கிறது ஜல்லியோட ப்ளஸ் பாயிண்ட்.

கல்லு எப்படி இருக்கணும்னு கேட்டா, முனை முனையா இருக்கணும். பார்க்க அழகா இருக்கேன்னு உருண்டைக் கூழாங்கல் வாங்காதீங்க. கோலிகுண்டு மேல கார் ஓட்டற மாதிரி, சக்கரம் பட்டா ரெண்டு பக்கமும் விலகி ஓடும். உடைச்ச கல்லு ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும். இதைக் கண்டுபிடிச்சு உலகத்துக்கே ரோடு போடக் கத்துக்கொடுத்தவர் ஜான் லவுடன் மெக்காடம்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் (1756 - 1836). 1816-ல பிரிஸ்டல் பக்கத்து ரோடுகளுக்கு சர்வேயரா வந்தார். அடியில பெரிய பாறாங்கல் எதுவும் வேண்டாம், சின்னதா உடைச்ச கல்லை அடுக்கி, தரையை விடக் கொஞ்சம் உயர்த்தி, தண்ணி வடிய விட்டா போதும், போற வர்ற வண்டியே அதை இறுக்கிடும்னார். ஒரு கல்லும் ஆறு அவுன்ஸ், அதாவது சுமார் 170 கிராமைத் தாண்டக்கூடாதுங்கிறது அவர் விதி. தார் எல்லாம் பின்னாடி வந்த கதை. அவர் சொன்னதுல முக்கியமானது தண்ணி வடியறதுதான். கல்லு நல்லா இருந்தும் வழி கெட்டுப்போச்சுன்னா, தொண்ணூறு சதவீதம் அடியில தண்ணி நிக்குதுன்னு அர்த்தம்.

அதனால கரிசல் மேல அப்படியே ஜல்லியைக் கொட்டறதும் வேலைக்கு ஆகாது. ஒரே மழையில மண்ணு கல்லை முழுங்கிடும். மேல் மண்ணை முக்கால் அடியாவது வெட்டி எடுத்துட்டு, அரை அடிக்கு சரள் (நம்ம ஊர் கிராவல்!) போட்டு, தண்ணி விட்டு, திம்ஸ் கட்டையால இடிச்சு இறுக்கணும். அது மேல 40 எம்.எம். நாலு அங்குலம். மேல ஒன்றரை அங்குலத்துக்கு 12 எம்.எம்.. ரெண்டு ஓரமும் செங்கல்லோ குண்டுக் கல்லோ வச்சு அணை கட்டலைன்னா ஆறு மாசத்துல ஜல்லி பூச்செடிக்குள்ள போயிடும். சரிவு வீட்டுச் சுவரை விட்டு விலகி இருக்கணும், 50-க்கு 1 போதும். 30 அடி நீளத்துக்கு ஏழு அங்குலம் வரும். க்ரஷர் தூசியைக் கலந்தா தரை சிமெண்ட் மாதிரி கெட்டியாகும்னு கொத்தனார் ஆசை காட்டுவார். உண்மைதான், ஆனா தண்ணி உள்ள இறங்கறதும் அதே அளவுக்குக் குறையும். நான் கலக்க விடலை.

அடுத்தது அளவு. இங்கதான் காசு போகும், கவனமாப் படிங்க. நம்ம ஊர்ல கணக்கு யூனிட். ஒரு யூனிட்ன்னா 100 கன அடி. 30 அடி நீளம், 10 அடி அகலம், நாலு அங்குல உயரம் போட்டுப் பாருங்க: 30 x 10 x 1/3, சரியா 100. சரள் இறுக்கினா அமுங்கும், அதுக்கு அஞ்சுல ஒரு பங்கு கூடவே சொல்லணும்.

ஆனா 'ஒரு யூனிட்'ன்னு வந்து நிக்கிற டிராக்டர் டிப்பர்ல நிஜமாவே ஒரு யூனிட் இருக்கான்னு யாரும் பார்க்கிறதில்லை. எங்க வீட்டுக்கு வந்த முதல் வண்டியை நான் டேப் வச்சு அளந்தேன். உள் நீளம் 9 அடி, அகலம் 5.5, உயரம் 1.5. பெருக்கினா 74 கன அடி சொச்சம். "தம்பி, மேல குவிச்சு இருக்குல்ல, அதையும் சேர்த்துக்கோங்க"ன்னார் ஓட்டிட்டு வந்தவர். மேல குவிச்சிருந்தது அதிகம் போனா அரை அடி, அதுவும் நடுவுல மட்டும். வர்ற வழியில ரோட்டுல சிந்தினது வேற. "சரிண்ணே, முக்கால் யூனிட்டுக்கு மேல போட்டுத் தர்றேன்"னு சொன்னதும் சித்தப்பாவுக்கு ஒரே சங்கடம். தெரிஞ்சவங்க கிட்ட டேப் எடுக்கலாமாடான்னு. தெரிஞ்சவங்க கிட்டதான் எடுக்கணும், தெரியாதவங்க முதல்லயே உஷாரா இருப்பாங்க :-) இறக்கறதுக்கு முன்னாடி அளக்கணும், அதுதான் விஷயம். கொட்டின பிறகு குவியலை அளக்க எந்த எஞ்சினியராலயும் ஆகாது. பெரிய வண்டியில வர்றதா இருந்தா எடை மேடைச் சீட்டு கேளுங்க. ஒரு யூனிட் ஜல்லி தோராயமா நாலு டன்னுக்குக் கொஞ்சம் மேல வரும். டாரஸ் லாரியில மொத்தமா வாங்கினா யூனிட்டுக்கு விலை குறையும், ஆனா உங்க தெருவுக்குள்ள அது திரும்புமான்னு முன்னாடியே நடந்து போய்ப் பார்த்துக்கோங்க.

விலை நான் எழுதலை. மாசத்துக்கு மாசம் மாறுது. கனிமம் இருக்கிற நிலத்துக்குப் புது வரி 2025 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. அதே மாசம் குவாரி, க்ரஷர்காரங்க வேலைநிறுத்தம் பண்ணினாங்க. அப்ப வீடு கட்டிக்கிட்டு இருந்தவங்களைக் கேளுங்க, கதை கதையாச் சொல்லுவாங்க.

விலையை விட எனக்கு உறுத்தினது வேற. இந்தக் கல்லு எங்கயோ ஒரு மலையை வெடி வச்சு எடுத்தது. 2022 மே 14 ராத்திரி நெல்லை பக்கம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில பாறை சரிஞ்சு நாலு பேர் செத்துப்போனாங்க. 2024 மே 1, உழைப்பாளர் தினத்தன்னைக்கு, எங்க விருதுநகர் மாவட்டத்துலயே காரியாபட்டி பக்கம் ஆவியூர்ல, குவாரிக்கான வெடிமருந்து இருந்த கிடங்கு வெடிச்சு மூணு பேர். எங்க ஊர்ல இருந்து மேற்கே திரும்பினா தெரியற மலை, 1988-ல சாம்பல் நிற அணில் சரணாலயமா ஆகி, 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துல சேர்ந்தது. அதனால அது தப்பிச்சது. காப்பகம் ஆகாத குன்றுகளுக்கு யார் இருக்கா?

இவ்வளவு தெரிஞ்சும் ஜல்லி வாங்கலாமான்னு கேட்டா, சிமெண்ட் தரைக்கும் அதே ஜல்லிதான் போகுது, கூடவே சிமெண்டும் எம்-சாண்டும். அதனால வாங்கலாம், ஆனா குறைச்சு வாங்கலாம். காருக்கு சக்கரம் போற இடத்துலதான் கல்லு வேணும். நாங்க 10 அடி அகலத்தையும் நிரப்பலை. ரெண்டு அடி அகலத்துல ரெண்டு தடம், நடுவுல மண்ணு. 300 சதுர அடி வேலை 120 சதுர அடியா ஆச்சு. நாலு அங்குலத்துக்கு 100 கன அடி வேண்டிய 40 எம்.எம். 40 கன அடியோட முடிஞ்சது. நடுவுல அருகம்புல் தானா வந்துடுச்சு, பிள்ளையாருக்கும் ஆச்சு.

அப்புறம் வண்டி வந்ததும் நடைச்சீட்டு கேட்டுப் பாருங்க, கனிமவளத் துறை கொடுக்கிறது. எங்க குவாரி, எந்த வண்டி, எத்தனை அளவு, எந்தத் தேதின்னு அதுல இருக்கும். "வீட்டுக்கு ஒரு லோடு அடிக்க இதெல்லாம் எதுக்கு தம்பி?"ன்னு கேட்பாங்க. எங்களுக்கு வந்த ரெண்டாவது வண்டியில சீட்டு இல்லை. திருப்பி அனுப்பினேன். மூணு நாள் வேலை நின்னுது, கொத்தனார் கூலி வேற ஏறுச்சு, சித்தப்பா ஒரு வாரம் பேசலை. அடுத்து சீட்டோட வந்த வண்டியில யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட ஆச்சு. கொடுத்தேன்.

ஆர்டர் கொடுக்கிறதா இருந்தா ஆடி, ஆவணியிலயே கொடுத்துடுங்க. புரட்டாசி தாண்டிட்டா கரிசல்ல டிராக்டர் இறங்காது.