அடைப்புக்குறிக்குள் ஒரு நாடகம்

நாடகப் பிரதிகள் இப்போதெல்லாம் மிக ஒழுங்காக வருகின்றன. இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணினியில் எழுதும் நண்பர்கள் சொற்செயலியைத் திறந்து, மேடை நாடகத்துக்கென்று வைத்திருக்கும் வார்ப்புருவைத் தேர்ந்துகொண்டு, அது ஒதுக்கிக் கொடுத்த இடங்களில் எழுதுகிறார்கள். பாத்திரத்தின் பெயர் தாளின் நடுவில். வசனம் தாளின் முழு அகலத்துக்கும். மேடைக் குறிப்பு வலப்புறம் ஒதுங்கிய குறுகலான பத்தியில், அடைப்புக்குறிக்குள். முதல் வரியை எழுதுமுன்பே நாடகம் என்பது என்ன என்று தீர்மானமாகிவிடுகிறது. நாடகம் என்றால் பேச்சு. மற்றதெல்லாம் அடைப்புக்குறி.

இது வெறும் தட்டச்சு விவகாரம், இதில் கொள்கை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த அமைப்பு, அமெரிக்க நாடக அரங்குகளுக்குப் பிரதி அனுப்புவதற்கென்று தட்டச்சுப் பொறிக் காலத்தில் உருவான பழக்கம். பாத்திரப் பெயர் பெரிய எழுத்தில். இடப்புறம் பிரதியைக் கோத்துக் கட்ட ஒன்றரை அங்குலம். 12 புள்ளி கூரியர் எழுத்து. அங்குலத்துக்கு 10 எழுத்துகள், 6 வரிகள். எல்லாப் பிரதிகளும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் இருந்தால் பக்கத்துக்குச் சுமார் ஒரு நிமிடம் என்று கணக்குப் போட்டுவிடலாம். வந்து குவியும் பிரதிகளை வாசிக்கவே ஆள் வைத்திருக்கும் ஸ்தாபனத்துக்கு இது நியாயமான ஏற்பாடு. நமக்கு அந்த ஸ்தாபனமும் இல்லை, அந்த ஆளும் இல்லை. தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. கூரியரில் தமிழ் எழுத்துகள் இல்லாததால் செயலி சத்தமில்லாமல் வேறு எழுத்துருவைக் கொண்டுவந்து வைக்கிறது. 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலத்தில் அடங்குவதில்லை. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு அங்கேயே செத்துப்போயிற்று. பிணத்தை மட்டும் நாம் சுமந்துகொண்டிருக்கிறோம்.

நண்பர் ஒருவர் தம் நாடகத்தை முதலில் நோட்டில் எழுதிக் காட்டினார். அதில் ஒரு இடம். கணவனை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் கலைந்த பிறகு, ஒருத்தி உட்கார்ந்து ஆட்டுக்கல்லில் மாவு அரைக்கிறாள். யாரும் பேசுவதில்லை. குழவி சுற்றும் வேகம், அவள் நிறுத்தி மாவை வழிக்கும் விதம், மறுபடி தொடங்கத் தயங்கும் கை என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். நாடகமே அதுதான். சில மாதம் கழித்து அதே நாடகம் கணினியில் அச்சாகி வந்தது. அந்த அரைப் பக்கம் '(மாவு அரைக்கிறாள். மௌனம்.)' என்று ஆகியிருந்தது. ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். அந்தக் குறுகிய பத்தியில் அது ஒன்றரைப் பக்கம் ஓடியதாம். பார்க்க நீளமாக, தப்பாகத் தெரிந்ததாம். யாரும் அவரை வெட்டச் சொல்லவில்லை. அதிகாரம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. உத்தரவு போடுவதில்லை. உங்கள் கண்ணுக்கே உங்கள் எழுத்தைத் தப்பாகக் காட்டிவிடுகிறது.

பிரதியின் வடிவம் எந்தக் காலத்திலும் அரங்கிலிருந்துதான் பிறந்திருக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகனுக்கு முழு நாடகமும் கையில் தரப்படவில்லை. அவனுடைய வசனமும், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மற்றவன் பேசி முடிக்கும் சில சொற்களும் மட்டுமே ஒரு தாள் சுருளில் எழுதித் தரப்பட்டன. எட்வர்டு ஆலென் ஆர்லாண்டோவாக நடித்த சுருள் இன்றும் லண்டன் டல்விச் கல்லூரியில் இருக்கிறது. நம் தெருக்கூத்து ஏட்டில் பாட்டுகள் ராக, தாளப் பெயரோடு இருக்கும். கட்டியங்காரன் பேசுவதில் பெரும்பகுதி ஏட்டில் இராது. அதைக் குறை என்று சொல்வீர்களா? அந்த வெற்றிடம் அவனுக்கு விடப்பட்ட இடம். வார்ப்புருவில் ராகத்துக்கு இடமில்லை. கட்டியங்காரனுக்கு விட்டுவைக்க வெற்றிடமும் இல்லை.

வெளிநாட்டு உதாரணம் கேட்டால்தான் நம்மவர்களுக்கு நம்பிக்கை வரும். சொல்கிறேன். பெக்கெட்டின் 'வார்த்தைகளற்ற நாடகம் 1' 1957இல் மேடையேறியது. அதில் வசனமே கிடையாது. முழுக்க மேடைக் குறிப்பு. கேரில் சர்ச்சில் 'டாப் கேர்ல்ஸ்' (1982) நாடகத்தில், ஒருத்தி பேசும்போது மற்றவள் எங்கே குறுக்கிடுகிறாள் என்று காட்ட வசனத்தின் நடுவே ஒரு சாய்கோடு போட்டார். சாரா கேனின் '4.48 சைக்கோசிஸ்' அவர் இறந்த பிறகு 2000இல் மேடையேறியது. பாத்திரப் பெயர்களே அதில் இல்லை. சொற்கள் தாளில் சிதறிக் கிடக்கின்றன. பெயரை நடுவில் போடு என்று சொல்லும் வார்ப்புரு அங்கே என்ன செய்யும்? அந்த வெளிநாட்டுக்காரர்களே தங்கள் தாளைத் தாங்களே தீர்மானித்துக்கொண்டிருக்கும்போது, நாம் மட்டும் அவர்கள் பக்கத்து அலுவலகப் படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருக்கிறோம்.

பேனாவுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. கணினி நல்ல வேலைக்காரன். பெயருக்கு ஒரு பாணி, பேச்சுக்கு ஒன்று, செயலுக்கு ஒன்று என்று நீங்களே வகுத்து உங்களுக்கான வார்ப்புருவைச் சேமித்துக்கொள்ள அதே செயலியில் வசதி இருக்கிறது. அரை மணி நேர வேலை. ஆனால் அதற்கு முன், இந்தத் தாள் யார் கைக்குப் போகிறது என்று யோசிக்க வேண்டும். நம் பிரதி போவது ஒத்திகைக்கு வரும் எட்டுப் பத்துப் பேரிடம், ஜெராக்ஸ் பிரதிகளாக. அவர்களுக்கு வேண்டியது பென்சிலில் குறித்துக்கொள்ள அகலமான ஓரம். பக்கம் திருப்புகிற இடத்தில் முறியாத வசனம். நின்று படித்தாலும் தெரிகிற எழுத்து. பெயர் இடப்புறம் இருக்கட்டும், தமிழ் நாடகப் புத்தகங்களில் நாம் பார்த்துப் பழகியபடி. செயலும் வசனத்துக்குச் சமமாகத் தாளின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். அடைப்புக்குறி வேண்டாம். மௌனம் நீளமானது என்றால் தாளிலும் அது நீளமாகவே கிடக்கட்டும்.

நண்பருடைய பழைய நோட்டு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. அந்த அரைப் பக்கத்தைத் திரும்பவும் தட்டச்சு செய்யச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை அவள் மாவை அரைத்து முடிக்கட்டும்.